சிவப்பு மூடி

“நான் குடுக்கல. குடுக்கலன்னா குடுக்கலதான். இன்னும் எத்தனை தடவைங்கய்யா சொல்லணும்?”

கொட்டகையம்மாவின் குரல் பெரிய டாக்டரின் அறைக் கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, ரத்தப் பரிசோதனைக் கூடம் வரைக்கும் போனது.

உடனே வராந்தாவில் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. ஒருவர் ஜன்னலோரமாகவே கோப்பு தேடினார். இன்னொருவர் காலி டம்ளரில் வெகுநேரம் தண்ணீர் குடித்தார்.

“அப்போ அது காத்துல வந்துச்சா?” மேசையைத் தட்டினார் பெரிய டாக்டர்.

விஷயம் இதுதான். அந்தக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் புதுத் தடுப்பூசி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையம்மாவின் பொறுப்பிலிருந்த ஏழு கன்றுகளுக்குச் சீம்பால் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. தாயின் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகத்தான் கன்றுக்குப் போகும். அது போகாமல் இருந்தால்தான் ஊசி என்ன சாதிக்கிறது என்று தனியாகத் தெரியும்.

ஊசி போடுவதற்கு முன்பே, ஏழாம் எண் கன்றின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எக்கச்சக்கமாக இருந்தது.

கொட்டகைக் குளிர்பெட்டியில் இரண்டே வகைப் புட்டிகள். வெள்ளை மூடியில் பவுடர் பால், இந்த ஏழுக்கு. சிவப்பு மூடியில் சீம்பால், பக்கத்துக் கொட்டகைக் கன்றுகளுக்கு. மூடியைப் பார்க்காவிட்டாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். சீம்பால் மஞ்சளாய், கெட்டியாய் இருக்கும். கொட்டகையில் ஒரு வாரம் நின்ற யாருக்கும் குழப்பம் வராது.

“பாவம் பார்த்துக் குடுத்திருப்பே. பொம்பள மனசு.”

திருட்டுப் பட்டம் கட்டியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். இதுதான் சுருக்கென்று தைத்தது.

முதல் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அது அவள் விரலைச் சப்பியது. கொடுக்கவில்லை. மூன்றாவதின் தாய் இரண்டு நாள் கத்தித் தீர்த்தது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். இந்த ஊசி பலித்தால் ஊரூராகக் கன்றுகள் சாவது நின்றுபோகும் என்று இதே அறையில் இவர்தான் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

“ஆறு கன்னுக்குட்டிய ஈரம் காயறதுக்குள்ள தாய்கிட்டருந்து பிடுங்கினேன். அப்பல்லாம் வராத பாவம் ஏழாவதுக்கு மட்டும் வந்துடுமா? அது பொறந்த ஞாயித்துக்கிழமை, சாப்பிடப் போன ஒரு மணி நேரம் தவிர அந்த இடத்தவிட்டு நகரலையே!”

“பூட்டிட்டுப் போனியா?”

“போனேன்.”

“சாவி ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு உங்கிட்ட.”

“இன்னொண்ணு?”

“எங்கிட்ட,” என்றார் பெரிய டாக்டர், அத்தோடு விசாரணை முடிந்தது என்பதுபோல.

முடிந்தும்விட்டது. சீம்பாலைப் பற்றி முப்பது கட்டுரை எழுதிய மனிதரை யார் கேள்வி கேட்பது? மேலும், அவருக்குச் சாணி வாடை ஆகாது, கொட்டகைப் பக்கமே வரமாட்டார் என்பது காவலாளி முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

சாயங்காலமே கடிதம் வந்தது. பராமரிப்பாளரின் அஜாக்கிரதை. ஏழாம் எண் கன்றையும் அவளையும் ஒரே தாளில் கழித்திருந்தார்கள். பதினெட்டு வருஷ வேலைக்குத் தனித் தாள் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நிலையத்துக் குடியிருப்பை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது கல்யாணப் பத்திரிகை வந்தது. பெரிய டாக்டரின் ஒரே மகளுக்குக் கல்யாணம். வேலைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தவர்கள், பத்திரிகைப் பட்டியலில் அடிக்க மறந்துவிட்டார்கள்.

பளபளவென்ற அட்டையில் ஒரு புகைப்படம். ‘நாங்கள் முதன்முதலில் சந்தித்த ஞாயிறு’ என்று கீழே தேதியோடு போட்டிருந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் குனிந்து நிற்கிறார்கள். நடுவில், உடம்பு முழுசாகக் காயாத ஒரு கன்று. காதில் ஏழாம் எண். பெண்ணின் கையில் புட்டி, அதற்குச் சிவப்பு மூடி. கன்றின் கடைவாயில் மஞ்சளாய் ஒழுகுகிறது.

பின்னால், மூக்கில் கைக்குட்டையும் விரலில் சாவியுமாகப் பெரிய டாக்டர். சம்பந்தி வீட்டாருக்குத் தன் கொட்டகையைச் சுற்றிக்காட்டிய பெருமை முகத்தில்.

பத்திரிகையும் கையுமாக இரண்டு தடவை அலுவலகத்துக்குப் போனாள். கல்யாண வேலையாக இருக்கிறார், பார்க்க முடியாது என்றார்கள்.

அதே பத்திரிகை நிலையத்தில் இருநூறு பேருக்குப் போயிருந்தது. இருநூறு பேருக்கும் சிவப்பு மூடி எதுவென்று தெரியும். ஜோடி ரொம்பப் பொருத்தம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கடல் கடந்து குடிபோனார்கள். கொட்டகையம்மா தங்கை இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். கொட்டகைச் சாவியை ஒப்படைத்த அன்று, பத்திரிகைக்கு நாலு மூலையும் பசை தடவி, குளிர்பெட்டிக் கதவில் படம் தெரியும்படி ஒட்டிவிட்டுத்தான் போனாள்.

இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெரிய டாக்டர் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கிழிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அவரோ அந்தப் பக்கம் வருவதில்லை.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு, எந்த மூடி எந்தக் கன்றுக்கு ஆகாது என்று இப்போது அந்தப் படத்தைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.