நாற்பதடி நம்பிக்கை

"உங்க தோட்டத்துல எங்க டவர் நின்னா, எடப்புளி நாட்டு மலைக்கிராமம் பூராவும் சிக்னல் பறக்குங்க. இனிமேல் எங்க காலந்தான்" என்றான் டவர் கம்பெனி சுரேந்தர்.

"டவர் காலமெல்லாம் மலையேறிப் போச்சுங்க. எங்க தட்டை ஓட்டு மேல வெச்சாப் போதும், வானத்துல இருந்தே நெட் இறங்கும்" என்றாள் சாட்டிலைட் கம்பெனி தாரணி.

பொன்னாயி மரவள்ளிக் கிழங்கை உரித்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க, டவரு எத்தனை அடி உசரம்?"

"நாப்பதுங்க."

"ஏறப் படி இருக்குங்களா?"

"ரிப்பேர் பார்க்க, உச்சி வரைக்கும் இரும்புப் படி இருக்குங்க."

"உன் தட்டு எத்தனை உசரம் கண்ணு?"

"ரெண்டு சாண்" என்றாள் தாரணி, குரல் இறங்கி.

"அப்ப டவரையே நட்டுருங்க."

தாரணிக்குப் பொறுக்கவில்லை. "நல்லா யோசிங்கக்கா. இவங்க கம்பெனி மூணு வருசம் தாங்காது!"

"தெரியாமலா சொல்றேன்?"

பொன்னாயி வீட்டுக்குப் பின்னால் கை காட்டினாள். முன்பு வந்து மூடிப்போன இரண்டு கம்பெனிகளின் கம்பங்கள், உச்சிவரை மிளகுக்கொடி போர்த்தி, காய்த்துத் தொங்கின.

"கொடி காய்ப்புக்கு வர மூணு வருசமாகும்" என்றவள், சுரேந்தரிடம் கவலையோடு கேட்டாள்:

"அதுக்குள்ள நீங்க மூடிருவீங்கல்ல சாமி?"