ஓய்வில் இருந்த குதிரை

நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்த டாக்டர் லோட்டே, பண்ணைக்காரர் யெல்மரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு வாரமா இவன்கிட்ட விந்து எடுக்கலைன்னு சொன்னீங்க?"

"சத்தியமா எடுக்கல. சும்மா தின்னுட்டு நின்னான்."

"அப்ப சேர்ந்தது எங்க? இது ஒரே நாள் சுரப்பு. அதுவும் எல்லாம் புதுசு. சும்மா நின்ன குதிரைன்னா பழசு தேங்கியிருக்கும். யாரோ தினமும் எடுத்திருக்காங்க."

வாங்க வந்த அமெரிக்கர் தொப்பியை மாட்டிக்கொண்டார். குதிரையை விற்குமுன் அதன் விந்தைத் திருட்டுத்தனமாக விற்றவன் நீ என்று அவர் பார்வையே சொன்னது. டாக்டரை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பிவிட்டது.

யெல்மருக்கு இரண்டு முழங்காலும் போயாச்சு. இந்தக் குதிரை டோங்கரை விற்ற கையோடு லாயத்தை மூடிவிட்டு நகரத்துக்குக் குடிபோவதாக இருந்தார். மனைவி ஹிஸ்கேகூட மறுபேச்சுப் பேசவில்லை. பிறந்த அன்றே தாயை இழந்த டோங்கரைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவளே பேசவில்லை.

அதைக் கெடுத்த படுபாவி யார்?

கயிற்றைப் பிடித்து நின்ற பக்கத்துப் பண்ணை கெர்பென் மேல் யெல்மரின் கண் போனது. பெண்குதிரைகள் வைத்திருப்பவன். காலையில் யெல்மர் மாடு கறக்கப் போகும் நேரம் தெரிந்தவன்.

"என்னப்பா முறைக்கிற?" என்றான் கெர்பென். "எனக்கு வேணும்னா வேலியைத் திறந்துவிட்டாப் போதாதா? விந்து பிடிக்கிற ரப்பர் உறையில வெந்நீர் ரொப்பி, இவனை அந்த மரப் பொய்க்குதிரை மேல ஏத்தி, குறி தப்பாமப் பிடிக்கணும். உதை வாங்கிச் சாகவா?"

அதுவும் சரிதான். ஆனாலும் யெல்மருக்கு மனசு ஆறவில்லை. லாயத்து வெந்நீர்க் கொதிகலனை இன்று காலையில்தான் அவர் கையால் போட்டார். வாரம் முழுக்க அது அணைந்தே கிடந்தது.

அப்படியானால் வந்தவன் வெந்நீரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறான்.

"போனாப் போறாங்க, விடுங்க." ஹிஸ்கே சர்க்கரை ரொட்டியும் காபிக் குடுவையுமாக உள்ளே வந்தாள். கோப்பைகளை வரிசையாக வைத்துவிட்டு, குடுவையின் மூடியைத் திருகினாள்.

கீச்சென்று ஒரு சத்தம்.

டோங்கரின் காதுகள் விறைத்தன. ஒரு கனைப்புக் கனைத்து, கெர்பெனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நேராகப் பொய்க்குதிரையிடம் போய் நின்றது.

"அடேய், இன்னைக்குக் கணக்கு முடிஞ்சதுடா!" என்று கயிற்றோடு மல்லுக்கட்டினான் கெர்பென்.

ஹிஸ்கேயின் கை கோப்பைக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது.

யெல்மர் குடுவையைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன் அவள் பொலிகுதிரைகளிடம் விந்து எடுக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவள் என்பது இத்தனை வருஷம் கழித்து ஞாபகம் வந்தது.

பிறகு கோப்பையை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"ஹிஸ்கே, காபிக்கு வேற குடுவை வாங்கணும்."