ரிவர்ஸ் பாட்டு

"இந்தக் கச்சேரி இன்னையோட முடியணும். இல்லைன்னா நான் போலீஸுக்குப் போவேன்" என்றார் பக்கத்து வீட்டு ராஜேஷ்குமார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. திம்மராயன் வீட்டு கேட் முன்னால் தெருவே திரண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வராதபோது மனு கொடுக்கக் கூப்பிட்டால், ஆளுக்கொரு வேலை சொல்லி நழுவியவர்கள்தான். இதற்கு மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள்.

குற்றவாளி, திம்மராயனின் பழைய ஆம்னி கார். ரிவர்ஸ் கியர் போட்டால் பாட்டுப் பாடும் ஹாரன் அப்போதுதான் ஓசூர் கடைகளுக்கு வந்திருந்தது. மனிதர் அதை வாங்கி மாட்டிவிட்டார். அவர் வீடு முட்டுச்சந்தின் கடைசியில். வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. எனவே ஒவ்வொரு தடவை வெளியே கிளம்பும்போதும் தெரு நெடுகப் பாடிக்கொண்டேதான் அது பின்னால் போகும்.

"நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து அப்பதான் கண்ணை மூடுதேன். கீ கீன்னு காதுக்குள்ள வந்து ஊதுது" என்றார் மாடசாமி.

கோவில்பட்டிக்காரர். பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகடு இடிபடும் இடத்தில், மிஷின் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுத் தூங்கக் கூடியவர் என்று கம்பெனியில் பெயர் வாங்கியவர். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் காது பூப்போல ஆகிவிடும்.

"ஐஸ்காரன் வந்துட்டான்னு எங்க வீட்டுக்கு வந்த விருந்தாளியெல்லாம் வெளியே ஓடறாங்க. மானம் போகுது" என்றார் எதிர்வீட்டு அம்மா.

திம்மராயன் எல்லோரையும் பாவமாகப் பார்த்தார். "சத்தம் கேக்கணும்னுதாங்க வெச்சேன்."

தெருவே சிரித்தது.

"கேக்குதுய்யா, நல்லாவே கேக்குது. சூளகிரி வரைக்கும் கேக்குது!"

ராஜேஷ்குமார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஆபீசர். அத்தனை சுலபமாகச் சிரித்துவிட முடியாது.

"இவ்வளவு டெசிபல் தினமும் கேட்டா மனுஷனுக்கு பிரஷர் வரும், தெரியுமா? படிச்சவங்க இருக்கற ஏரியா இது. உடனே கழட்டணும்."

"நாளைக்கு வண்டி அவசியமா வேணுங்க சார். ஒரு கம்பெனி கேன்டீனுக்குக் காய் போட ஆர்டர் கெடச்சிருக்குது. எவ்வளவோ அலைஞ்சு இப்பதான் கெடச்சுது. இப்ப மெக்கானிக்குகிட்ட விட்டா…"

"மெக்கானிக் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

விறுவிறுவென்று போய்க் கட்டிங் பிளேயரோடு வந்தார். வண்டிக்குப் பின்னால் குனிந்தார். ஒரே வெட்டு. வெட்டிய ஒயரின் முனையில் இன்சுலேஷன் டேப்பையும் பொறுப்பாகச் சுற்றினார்.

"ஷார்ட் ஆகிடக் கூடாது பாருங்க. எதுலயும் சேஃப்டி முக்கியம்."

தெரு கைதட்டியது. விசில்கூடப் பறந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை.

மறுநாள் திம்மராயன், ராயக்கோட்டையில் வாங்கி வைத்திருந்த தக்காளி, பீன்ஸ் மூட்டைகளோடு அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"ரிவர்ஸ் போட்டுக் காட்டுங்க" என்றார் செக்யூரிட்டி வெள்ளைச்சாமி.

ஆம்னி வாயே திறக்காமல் பின்னால் நகர்ந்தது.

"ரிவர்ஸ் ஹாரன் இல்லையா? அப்ப உள்ள விட முடியாது. பீப்புன்னாலும் சரி, பாட்டுன்னாலும் சரி, பின்னாடி போனா சத்தம் வரணும். சேஃப்டி ஆபீசர் ஆர்டர்."

"நேத்து வரைக்கும் இருந்ததுங்க."

"இங்க வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

உள்ளேயிருந்து கேன்டீன் மேனேஜர் செல்லில் கத்தினார். சாம்பாருக்கு இப்போதே காய் வரவில்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். திம்மராயன் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். முதல் நாளே ஆர்டர் கை நழுவினால் வீட்டில் என்ன சொல்வது?

"அந்த ஆபீசரைக் கொஞ்சம் கூப்பிடுங்க சாமி. நான் கெஞ்சிப் பாக்கறேன்."

ஆபீசர் வந்தார். ஹெல்மெட், பச்சை ஜாக்கெட், கையில் வாக்கி டாக்கி. டிரைவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆட்களுக்குத் தினமும் எடுக்கும் வகுப்பை அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

"ரிவர்ஸ்ல போறப்ப பின்னாடி என்ன இருக்குன்னு டிரைவருக்குத் தெரியாது. சத்தம் வந்தாத்தான் நிக்கறவன் விலகுவான். ஒரு உயிர் போனா நீ திருப்பித் தருவியா? ஹாரன் இல்லாத வண்டி ஒரு அடி நகரக் கூடாது. ரூல்னா ரூல்!"

"சார்… நான்தாங்க" என்றார் திம்மராயன்.

ராஜேஷ்குமார் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். தான் சுற்றிய டேப் கச்சிதமாக இருந்தது.

வெள்ளைச்சாமிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "திம்மராயன், தெரு விஷயம் வேற. இது கம்பெனி. ஆளுங்க நடமாடற இடம். உங்களுக்குப் புரியணும்."

"புரியுதுங்க சார்" என்றார் திம்மராயன். குரலில் கோபமே இல்லை. "நீங்க கம்பெனி பஸ்ஸுக்குப் போன பின்னாடி, உங்க ஸ்வாதிப் பாப்பா என் வண்டிக்குப் பின்னாடிதாங்க சொப்பு வெச்சு விளையாடும். பாட்டு கேட்டுச்சுன்னா ஓடிப்போய் ஓரமா நின்னுக்கும். இன்னைக்குப் பாட்டு இல்லீங்களா… மனசு கேக்காம எறங்கிப் பாத்தேன். சக்கரத்துகிட்டவே உக்காந்திருந்துச்சுங்க. தூக்கி உங்க வூட்டுக்காரம்மா கையில குடுத்துட்டுத்தான் வரேன்."