ஒன்பதாம் வரிசை

"யாரைக் கேட்டு இந்த வரிசைக்குத் தண்ணி விட்டீக அண்ணாச்சி?"

ஸ்கூட்டரை நிறுத்தியும் நிறுத்தாமலும் கீர்த்திகா கத்தினாள். காரியாபட்டிக்குத் தெற்கே, மொக்கைச்சாமியின் வெள்ளாமைக் காட்டில் பன்னிரண்டு வரிசை உருளைக்கிழங்குச் செடிகள். பதினொரு வரிசை கருகிக் கிடந்தது. ஒன்பதாம் வரிசை மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது.

"நான் எங்க விட்டேன்மா?" என்றார் மொக்கைச்சாமி.

"பொய் சொல்லாதீக. நாப்பது நாளு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? பாவம் பாத்து ஊத்திட்டீக. என் மூணு வருச உழைப்பு மண்ணாப் போச்சு!"

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. சிவகாசியில் அப்பாவின் காலண்டர் அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது முடியாது என்று சண்டை போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். வெளிநாட்டு மலைகளில் விளையும் காட்டு உருளைக்கிழங்கையும் நம் உருளைக்கிழங்கையும் கலந்து பன்னிரண்டு ரகங்களை உண்டாக்கியிருந்தாள். வரிசைக்கு ஒரு ரகம். வெயில் ஏறியதும் இலையின் நுண்துளைகளை மூடி ஈரத்தைக் காப்பாற்றும் மரபணுக்கள் எந்த ரகத்தில் ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றன என்பதை இந்தக் காடுதான் சொல்ல வேண்டும். இது கெட்டால் அவளுக்குப் பட்டம் கிடையாது. திரும்ப அச்சகத்துக்குத்தான் போக வேண்டும்.

மொக்கைச்சாமி அவள் முன்னால் வந்து நின்றார்.

"யாரைப் பாத்துப் பொய்யிங்கிறீக? கிணத்துல தண்ணி கெடக்கு. கண்ணு முன்னால பச்சப்பயிரு கருகுது. வயிறு எரிஞ்சாலும், குடுத்த வாக்குக்காக மோட்டாரைத் தொடல. பன்னி தோண்டிரும், மயிலு கொத்திரும்னு என் வீட்டுக்காரிய பட்டாசுக் கம்பெனி வேலைக்கு வேன்ல ஏறவிடாம இங்கன காவலுக்கு நிப்பாட்டிருக்கேன். இம்புட்டும் பண்ணுன எனக்குக் களவாணிப் பட்டமா?"

வரப்பில் நின்ற அவர் மனைவி வெள்ளைத்தாயும் சும்மா இருக்கவில்லை.

"அவுக சொல்றது நிசம். இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம் பண்றேன். நம்பிக்கை இல்லாட்டி தோண்டிப் பாருங்க!"

"தோண்டத்தான் போறேன்" என்று கீர்த்திகா மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ஒன்பதாம் வரிசையை ஒட்டி அவளே வெட்டினாள். ஒரு முழ ஆழத்திலும் மண் மாவாக உதிர்ந்தது. ஈரம் அளக்கும் கருவியைக் குத்திப் பார்த்தாள். கருகிய எட்டாம் வரிசையில் என்ன எண் காட்டியதோ அதே எண்தான் இங்கும். வரிசையின் மறுமுனையிலும் வெட்டிப் பார்த்தாள். அங்கும் அதேதான்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி... தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

"அதெப்படி? பழிய மட்டும் ஊரு கேக்கப் போட்டுட்டு, மன்னிப்ப வாய்க்குள்ள மொனங்குவீகளோ?"

கீர்த்திகாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உடனே தன் பேராசிரியர் லட்சுமிகாந்தத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சார், ஒன்பதாம் நம்பர் ரகம் ஜெயிச்சிருச்சு சார்! மண்ணுல ஈரமே இல்ல, ஒரு இலை வாடல. நாம தேடுன மரபணு எல்லாம் இதுலதான் இருக்கு. அண்ணாச்சி தண்ணி விட்டுட்டாருன்னு நினைச்சேன். அது என் தப்பு. அவரு வாக்குத் தவறாத மனுசன்."

"பிரமாதம்மா! டெல்லி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இப்பவே மெயில் அனுப்பிடறேன்" என்றார் பேராசிரியர். போன் துண்டிக்கப்பட்டது.

கீர்த்திகா ஒன்பதாம் வரிசையின் இலைகளைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள். மொக்கைச்சாமிக்கு மட்டும் சூடு இன்னும் தணியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"டெல்லிக்கு எழுதட்டும். நான் பட்ட பாட்டையும் சேத்து எழுதச் சொல்லுங்க. தண்ணிய நிறுத்துறதுக்கு முந்தியே, இந்த வரிசைக்கு நீங்க குடுத்த கிழங்கு அம்புட்டும் அழுகிப்போச்சு. ஒரு வரிசை மொட்டையாக் கெடந்தா, பாக்குறவன் என் வெள்ளாமையத்தான காறித் துப்புவான்? சந்தையில கொழம்புக்கு வாங்கிப் போட்டு, அடுப்படியில மொளைவிட்டுக் கெடந்த கிழங்கை நாந்தான் ஊனி இந்த வரிசைய நெரப்பி வச்சேன். அதுக்கு நீங்க ஒரு நல்ல வார்த்தை சொன்னீகளா?"