இருபதில் ஒரு பொய்ச்சீட்டு

“பையைக் குடும்மா! ஊசி குத்தி அரை மணி நேரமா அந்தப் பொண்ணு காத்துக் கிடக்கா!”

“தரமாட்டேன் சார். என்ன திட்டினாலும் தரமாட்டேன்.”

புற்றுநோய்ப் பிரிவில் மருந்து கலக்கும் அறை எப்போதும் கோயில் கருவறை மாதிரி அமைதியாக இருக்கும். அன்று சந்தைக்கடை ஆகிவிட்டது. கத்தியவர் பயிற்சி கொடுக்கும் மூத்த மருந்தாளர். எழுத்தெழுத்தாகத் துருவுவதால் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். சிவப்பு மருந்துப் பை இருந்த தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றவள் பயிற்சிக்கு வந்த ‘ரேடியோ’. நோயாளிகளிடம் ஓயாமல் பேசுவாள். எந்தப் படுக்கைக்காரியின் மருமகள் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. மற்றவர்களுக்கு அது கேலி. ஆனால் கதை கேட்க மட்டும் அவளிடம்தான் வருவார்கள்.

அன்று கடைசி நாள். பூதக்கண்ணாடிக்கு ஒரு வழக்கம் உண்டு. சரிபார்க்கச் சொல்லித் தினமும் இருபது மருந்துச் சீட்டு கொடுப்பார். அதில் ஒன்றைத் தப்பாக எழுதிச் சொருகியிருப்பார். மூன்று தடவை கோட்டைவிட்டால் சான்றிதழ் கிடையாது. ரேடியோ ஏற்கெனவே இரண்டு தடவை விட்டிருந்தாள். இதுவும் போனால் அண்ணன் கடையில் இருமல் மருந்து விற்க வேண்டியதுதான். அண்ணியோ, “படிச்சுக் கிழிச்சாச்சா?” என்று கேட்கத் தயாராக வாசலிலேயே நிற்பாள்.

போன வருஷம் பயிற்சி முடித்தவன் ஒருவன் வேறு காதில் ஓதியிருந்தான்: “கடைசி நாள் வெறும் சீட்டு இல்லக்கா. சாயத்தண்ணி ஊத்தின பையே வரும். வார்டே சேர்ந்து நடிக்கும். ஏமாந்துடாதீங்க.”

“அப்படி என்ன தப்பைக் கண்டுட்டே? சொல்லு!”

“பன்னிரண்டாம் படுக்கைக்கு இந்த மருந்தை முன்னாடியே ஏத்தியிருக்காங்க சார். ஆயுசுக்கு இவ்வளவுதான்னு அளவு உள்ள மருந்து. மேல போனா இதயத்தைக் காலி பண்ணிடும்.”

“இன்னைக்குத்தான் அவளுக்கு முதல் பை! ஃபைலைப் பாரு!”

“பார்த்தேன். பதினாறு வயசுல கால்ல ஆபரேஷன்னு ஒரே வரி. எதுக்கு ஆபரேஷன்னு யாரும் கேக்கல, நான் கேட்டேன். எலும்புல கட்டியாம். ‘இந்த மருந்துக்கு ஒண்ணுக்குச் சிவப்பாப் போகும், பயப்படாதே’ன்னு சிஸ்டர் சொன்னப்போ, ‘தெரியும், அப்பவும் அப்படித்தான் போச்சு’ன்னு சிரிச்சா.”

“வம்பளந்ததெல்லாம் ஒரு சாட்சியா?”

டெலிபோன் அலறியது. வார்டு சிஸ்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “சார், பை வருமா வராதா? அந்தப் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை பத்து தடவை வந்து கேட்டுட்டாரு!”

ரேடியோ தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். என்னமாய் நடிக்கிறார்கள்! அந்தப் பெண்ணுக்குக்கூட வசனம் சொல்லிக்கொடுத்திருக்கிறாரே இந்த மனுஷன்!

“அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க சார். எந்த ஆஸ்பத்திரின்னும் கேட்டு வெச்சிருக்கேன்.”

“பண்றேன். அவங்க மட்டும் இல்லைன்னு சொல்லட்டும், நீ இங்கேயிருந்து நேரா வீட்டுக்குத்தான்!”

பக்கத்து அறைக்குப் போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ரேடியோ சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம். பதினைந்து. கையுறைக்குள் விரல்கள் வேர்வையில் ஊறிப்போயின. ஒருவேளை தப்பாகச் சொல்லிவிட்டோமோ?

பூதக்கண்ணாடி திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

ரேடியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பாஸா சார்? இந்தச் சாயத்தண்ணியைக் கொட்டிடலாமா?”

“சாயத்தண்ணியா?” அவர் எட்டித் தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். “அது நிஜ மருந்தும்மா. அந்த ஆஸ்பத்திரில அப்பவே முழு அளவும் ஏத்தியிருக்காங்க. சரின்னு கையெழுத்துப் போட்டதே நான்தான்.”

பிறகு, அவள் காலையிலேயே பார்த்து முடித்த கட்டிலிருந்து ஏழாவது சீட்டை உருவி மேசைமேல் வைத்தார். “இன்னைக்கு நான் சொருகினது இது. எந்தத் தப்பும் இல்லைன்னு அனுப்பிட்டே.”

மூன்றாவது தடவையும் கோட்டைவிட்ட ரேடியோவுக்குச் சான்றிதழ் கொடுக்காமல், பூதக்கண்ணாடி தானே இன்னொரு மூன்று மாதம் பயிற்சியில் உட்காரவைத்தார். பன்னிரண்டாம் படுக்கைக்காரியோ வேறு மருந்தில் தேறி, மறு வருஷம் அதே மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்ச் சேர்ந்தாள்.