நடு நிலையம்

"பெரியவரே, புதுசா கத்துக்கிறவங்களுக்கு இந்த மலை சரிப்படுமா?"

கேபிள் பெட்டியின் கதவு மூடிய மறுநொடியே எதிரில் இருந்த அம்மாள் கேட்டார். ஹாம்பர்க்கிலிருந்து வந்திருக்கிறார்களாம். பெயர் ஆங்கே. பக்கத்தில் கணவர் டெத்லெஃப், தலைக்கவசத்தின் வாரை மோவாயில் மாட்டத் தெரியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சமவெளி மனிதர்கள். ஆனால் கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார்கள்.

நான் ரைன்டல் வீட்டு அலோய்ஸ். கணவாய்க்கு அந்தப் பக்கம், எங்கள் பள்ளத்தாக்கின் முதல் பனிச்சறுக்குப் பாதையை மரம் வெட்டித் திறந்தவர் என் தாத்தா. பிப்ரவரி முதல் சனிக்கிழமை ஊரே பந்தம் ஏந்திச் சரிவில் இறங்கும். முதல் பந்தம் ரைன்டல் வீட்டுத் தலைவனுக்கு. நாற்பத்தொரு வருடமாக அது என் கையில் இருக்கிறது.

இந்த வருடத்துச் சனிக்கிழமைக்குப் பதினொரு நாள் மிச்சம்.

அக்டோபரில் ஒரு காலை, இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் நின்றுவிட்டது. மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். என் மனைவி நோத்பூர்கா ஊராரிடம் முதுகுவலி என்றாள்.

நடை திரும்பிவிட்டது. சறுக்கு திரும்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நான்கு முறை விழுந்தேன். ஐந்தாவது முறை எழுந்திருக்க அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"முதல்லேருந்து பழகுங்களேன். யாரு பாக்கப் போறா?" என்றாள்.

எல்லாரும் பார்ப்பார்கள். அவள் வேறு வீட்டிலிருந்து வந்தவள், அவளுக்குத் தெரியாது.

மூன்று வாரம் உட்கார்ந்து இடம் தேடினேன். ஒரு ஊரில் பழகும் மைதானம் நெடுஞ்சாலை ஓரமாகவே இருந்தது. எங்கள் ஊர்ப் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். இன்னொன்றில் சறுக்குப் பள்ளியின் தலைவன் என்னிடம் சறுக்கக் கற்றவன். கடைசியில் அகப்பட்டது இது. இத்தாலிப் பக்கம், சின்ன இடம். மைதானம் மலையின் பாதியில், நடு நிலையத்துக்குப் பின்னால், ஒரு குழிவுக்குள் மறைந்து கிடக்கிறது. எங்கள் ஊர்க்காரன் எவனும் வந்து இறங்கமாட்டான்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்வேனா?

சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன். பழகும் மைதானத்தின் கடைசி கொஞ்சம் மேடாக ஏற வேண்டும்; நிற்கத் தெரியாதவனைத் தரையே நிறுத்திவிடும். மேலே ஏற இழுவைக் கயிறு கூடாது, நின்றபடியே ஏற்றிவிடும் நகரும் பட்டைதான் வேண்டும். காலை வெயில் படாத இடம் என்றால் பத்து மணிவரை பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். ஆங்கே அம்மாள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"இவ முதல்ல நிக்கக் கத்துக்கட்டும், சறுக்குறதெல்லாம் அடுத்த வருஷம்," என்றார் டெத்லெஃப்.

"வாரையே மாட்டத் தெரியல, வாயப் பாரு!" என்று அவர் கையைத் தட்டிவிட்டு அம்மாளே மாட்டிவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் நடுவுலதானே இறங்குறீங்க? சேந்தே போயிடலாமே."

என் அப்பாவின் குரல் என் தொண்டையிலிருந்து வந்தது.

"நானா? அது குழந்தைங்க உருள்ற இடம்மா. நான் உச்சிக்குப் போறவன்."

அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

நடு நிலையம் வந்தது. பெட்டி வேகம் குறைந்து தவழ்ந்தது. கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது.

பத்தடி தூரத்தில் மைதானம். நீல வலைக்குள் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. பத்து மணி வகுப்புக்கு ஆசிரியை கையில் பட்டியலோடு நின்றாள். அதில் என் பெயர் இருக்கிறது. வீட்டுப் பெயர் இல்லாமல், அலோய்ஸ் என்று மட்டும்.

இறங்கு என்றது புத்தி. கால்கூட, அந்த இடது கால்கூட, கொஞ்சம் அசைந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"வரோம் பெரியவரே," என்று சொல்லி அம்மாள் கடைசியாக இறங்கினார். கதவு மூடும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். கதவு மூடியது.

உச்சியிலிருந்து இறங்க ஒரே பாதை, தேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று கறுப்புக் கம்பம் நட்டது. இல்லையென்றால் இதே பெட்டியில் உட்கார்ந்து இறங்கலாம். இவ்வளவு நல்ல வெயிலில் பெட்டியில் இறங்கி வருபவன் ஒன்று கால் முறிந்தவன், இல்லையென்றால் சமவெளிக்காரன். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்ததில்லை.

பெட்டி மேலே எழும்பியதும் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன்.

மேடையில் ஆங்கே அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பெட்டியின் வெளித் தாங்கியிலிருந்து சறுக்குப் பலகைகளை உருவி எடுத்திருந்தார். எல்லாம் மஞ்சள். எல்லாம் குட்டை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று கடையில் வாடகைக்குக் கொடுப்பவை.

மூன்று ஜோடி.

இரண்டைக் கணவர் தோளில் சாய்த்துவிட்டு, மூன்றாவதைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

சற்று முன், கீழே ஏறும்போது, என் கால் பெட்டியின் விளிம்பில் தடுக்கியபோது, அந்த ஜோடியை என் கையிலிருந்து வாங்கித் தாங்கியில் செருகியது அவர்தான்.