விண்கலத்தின் மூக்கு

பொம்மைக் கூடையில் சிவனே என்று கிடந்த சிவப்புக் கட்டைமேல் புதுப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று வந்து விழுந்தது. சினிமாவில் வரும் விண்கலத்தை அப்படியே கட்டுகிற செட்டில் வந்ததாம்.

"டேய், தள்ளிப் படு. நான் விண்கலத்தோட மூக்கு. வேற எதுலயும் பொருந்தமாட்டேன், தெரியுமா?"

சிவப்புக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. "கொடுத்துவச்சவன்ப்பா நீ! எனக்கு நிலையா ஒரு வேலை உண்டா? ஒரு நாள் பஸ் படிக்கட்டு, ஒரு நாள் யானைக்குக் காது."

மறுநாள் குட்டிப்பெண் நறுமுகை கூடையைக் கவிழ்த்துக் கோழிப்பண்ணை கட்டினாள். சிவப்பு வழக்கம்போல் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், அதை மல்லாக்கப் போட்டு, "கோழிக்குத் தண்ணித் தொட்டி!" என்றாள்.

மல்லாந்து கிடந்த மூக்கு, சுவரில் இருந்த சிவப்பை அண்ணாந்து பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது:

"அண்ணே, அந்த யானைக்குத் தும்பிக்கை வச்சாச்சா?"